பழைய சர்வர் ரேம் வீட்டுக் கணினியில் ஏறுமா?

அலுவலகங்களும் டேட்டா சென்டர்களும் பழைய சர்வர்களைக் கழித்துக் கட்டும்போது இரும்புப் பெட்டி எடைக்குப் போகிறது, ஹார்ட் டிஸ்க் அழிக்கப்படுகிறது. ரேம் மட்டும் தனியே கழற்றப்பட்டு மறுபடி சந்தைக்கு வருகிறது. மின்சாரம் நின்றதும் அதிலிருந்த தரவும் போய்விடுவதால் அதை விற்க யாரும் தயங்குவதில்லை. சுழலும் பாகம் எதுவும் இல்லை, பெரும்பாலும் ஏசி அறையில் சீரான மின்சாரத்தில் இருந்த பொருள். ஆகவே பத்து வயதானாலும் நன்றாகவே வேலை செய்யும். சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் என்று எங்கே கேட்டாலும், இணையக் கடைகளில் தேடினாலும், இது டெஸ்க்டாப் ரேமைவிட மலிவாகக் கிடைக்கும். 2025 கடைசியில் புது ரேமின் விலை தாறுமாறாக ஏறியபோது இதைத் தேடுபவர்கள் இன்னும் கூடினார்கள்.

மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி சாதாரண டெஸ்க்டாப்பில் ஓடாது. ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், கிளிப்பும் ‘டக்’கென்று மூடும், பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். எது ஓடும், எது ஓடாது என்பதைக் கடையில் நின்றபடியே ஒரே நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். பார்க்க வேண்டியது ஸ்டிக்கரில் இருக்கும் ஓர் எழுத்தை.

சந்தையில் நிறையப் புழங்கும் ஒரு சாம்சங் ஸ்டிக்கை, அதாவது ரேம் பலகையை, எடுத்துக்கொள்வோம். அதன் வெள்ளைச் சீட்டில் 8ஜிபி, 2ஆர்எக்ஸ்4, பிசி3எல்-10600ஆர் என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். 8ஜிபி கொள்ளளவு. 2ஆர் என்றால் இரண்டு ரேங்க், அதாவது சிப்கள் இரண்டு குழுவாக முறைவைத்து வேலை செய்கின்றன. எக்ஸ்4 என்றால் ஒவ்வொரு சிப்பும் ஒரு நேரத்தில் 4 பிட் தரும். பிசி3 என்பது டிடிஆர்3, ரேமின் ஒரு தலைமுறை. அதை ஒட்டி வரும் எல், 1.35 வோல்ட்டில் ஓடக்கூடியது என்பதற்கான அடையாளம்; எல் இல்லாவிட்டால் 1.5 வோல்ட். 10600 என்பது நொடிக்கு 10,600 மெகாபைட், நாம் 1333 என்று சொல்லும் வேகம். கடைசியில் நிற்கும் ஆர்தான் நமக்கு வேண்டிய எழுத்து: ரெஜிஸ்டர்டு, அதாவது மெமரி சிப்களுக்கு முன்னால் ரெஜிஸ்டர் என்ற இடைச் சிப் கொண்டது. இது ஆர்டிம் வகை.

அந்தக் கடைசி எழுத்து யூ என்றிருந்தால் அது சாதாரண டெஸ்க்டாப் ரேம், அதாவது யுடிம். ஈ என்றிருந்தால் பிழை திருத்தம் கொண்ட, ஆனால் ரெஜிஸ்டர் இல்லாத ரேம். இசிசி யுடிம் என்பார்கள். எல் என்றிருந்தால் எல்ஆர்டிம், தரவுக் கோடுகளுக்கும் இடைச் சிப் கொண்ட சர்வர் ரேம். பிசி3எல்-12800எல் என்ற சீட்டில் எல் இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். முதல் எல் வோல்டேஜ், இரண்டாவது எல் வகை. பலர் முதல் எல்லைப் பார்த்து எல்ஆர்டிம் என்று ஒதுக்குகிறார்கள், அல்லது இரண்டாவதைக் கவனிக்காமல் வாங்கிவிடுகிறார்கள்.

டிடிஆர்4 சீட்டில் இன்னொரு குழப்பம் உண்டு. பிசி4-2400டி-ஆர்ஏ1 என்று இருக்கும். வேகத்தை ஒட்டி வரும் டி, பி, வி போன்ற எழுத்துகள் லேட்டன்சியை, அதாவது பதில் தரும் தாமதத்தைக் குறிப்பவை: 2133பி என்றால் 15-15-15, 2400டி என்றால் 17-17-17, 2666வி என்றால் 19-19-19. இந்த இடத்தில் ஆரோ யூவோ வந்தாலும் அதற்கு ரெஜிஸ்டர்டு என்றோ அன்பஃபர்டு (ரெஜிஸ்டர் இல்லாதது) என்றோ பொருள் இல்லை. வகையைச் சொல்வது சிறுகோட்டுக்குப் பிறகு வரும் எழுத்து. ஆர்ஏ1 என்றால் ஆர்டிம், ஈயில் தொடங்கினால் இசிசி யுடிம், யூவில் தொடங்கினால் சாதாரணம், எல்லில் தொடங்கினால் எல்ஆர்டிம்.

சீட்டு கிழிந்திருந்தால் உற்பத்தியாளரின் பாக எண் கைகொடுக்கும். சாம்சங்கில் எம்393 என்று தொடங்கினால் ஆர்டிம், எம்391 இசிசி யுடிம், எம்378 சாதாரண டெஸ்க்டாப் ரேம், எம்386 எல்ஆர்டிம். எஸ்கே ஹைனிக்ஸில் பாக எண்ணின் நடுவே ஆர்7 வந்தால் ஆர்டிம், யூ7 வந்தால் இசிசி யுடிம், யூ6 வந்தால் சாதாரணம். மைக்ரானில் 72 என்ற எண்ணையடுத்து பிஇசட் வந்தால் ரெஜிஸ்டர்டு, ஏஇசட் வந்தால் அன்பஃபர்டு. 72க்குப் பதில் 64 இருந்தால் பிழை திருத்தமே கிடையாது.

பாக எண்ணும் இல்லையென்றால் கண்ணால் பார்த்தே ஓரளவு சொல்லலாம். டிடிஆர்3, டிடிஆர்4 ரேமில் ஒரு பக்கத்துச் சிப்களை எண்ணுங்கள். எட்டு சிப் என்றால் பெரும்பாலும் டெஸ்க்டாப் ரேம். ஒன்பது என்றால் பிழை திருத்தத்துக்கான கூடுதல் சிப் இருக்கிறது: 64 பிட் தரவோடு 8 பிட் சரிபார்ப்பும் சேர்ந்து 72 பிட். பெரிய சிப்களுக்கு நடுவே வேறு வடிவத்தில், தனித்துத் தெரியும் ஒரு சிப் உட்கார்ந்திருந்தால் அதுதான் ரெஜிஸ்டர். மேலே சொன்ன சாம்சங் ஸ்டிக்கில் இரு பக்கமும் சேர்த்து 36 மெமரி சிப்கள். ரேங்குக்கு 18, ஒவ்வொன்றும் 4 பிட், மொத்தம் 72 பிட் என்று கணக்கு சரியாக வரும். வண்ண வண்ண உலோகக் கவசத்துக்குள் ஒளித்து வைத்த ஸ்டிக்கில் இதையெல்லாம் பார்க்க முடியாது. பழைய ரேம் வாங்கும்போது கவசம் போட்டதைத் தவிர்ப்பது நல்லது.

ரெஜிஸ்டர் ஏன் தடையாகிறது? டெஸ்க்டாப்பில் பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர், முகவரியையும் கட்டளையையும் ஒவ்வொரு சிப்புக்கும் நேரடியாக அனுப்புகிறது. ஒரு சேனலில், அதாவது கன்ட்ரோலரிலிருந்து ரேமுக்குப் போகும் ஒரு தனிப் பாதையில், இரண்டு ஸ்டிக், முப்பத்திரண்டு சிப் வரை இது தாங்கும். சர்வரில் ஒரே சேனலில் மூன்று ஸ்டிக் கூட வரும், ஒவ்வொன்றிலும் 36 சிப். அத்தனை சிப்களையும் நேரடியாக இழுத்தால் சிக்னல் தொய்ந்துவிடும். அதனால் முகவரி, கட்டளைக் கோடுகள் முதலில் ரெஜிஸ்டருக்குப் போகின்றன. அது வாங்கிப் பிடித்து, ஒரு கிளாக் துடிப்பு கழித்து, புது வலுவோடு சிப்களுக்கு அனுப்புகிறது. எல்ஆர்டிம்மில் தரவுக் கோடுகளுக்கும் இதே போன்ற இடைத்தரகர் உண்டு. இந்த ஒரு கிளாக் தாமதத்தைக் கணக்கில் வைக்கவும், ரெஜிஸ்டருக்குள் ஆரம்ப அமைப்புகளை எழுதவும் கன்ட்ரோலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டெஸ்க்டாப் பிராசசரின் கன்ட்ரோலருக்கு அது தெரியாது. டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டிலும் பின் எண்ணிக்கையும் வெட்டு இருக்கும் இடமும் டெஸ்க்டாப் ரேமுக்கும் ஆர்டிம்முக்கும் ஒன்றே. அதனால்தான் உள்ளே போகிறது. வோல்டேஜும் ஒன்றே என்பதால் தவறிப் போட்டுப் பார்த்தாலும் பொதுவாக எதுவும் கருகாது. பீப் அடிக்கும், அல்லது மௌனமாக நிற்கும்.

ஸ்டிக்கின் விவரங்களைக் கணினிக்குச் சொல்லும் சின்ன எஸ்பிடி சிப்பைத் திருத்தி ஆர்டிம்மை யுடிம் ஆக்கிவிடலாம் என்று ஒரு யோசனை அவ்வப்போது கிளம்புகிறது. எஸ்பிடியில் மூன்றாம் எண் பைட்தான் வகையைச் சொல்வது: 01 என்றால் ஆர்டிம், 02 என்றால் யுடிம். அதை மாற்றி எழுதுவது எளிது. ஆனால் எழுதியபின் கணினியை எழுப்பும் பயாஸ் நிரல் ஏமாறும், ரெஜிஸ்டர் ஏமாறாது. கோடுகளின் நடுவே அது அப்படியேதான் இருக்கிறது. நல்ல ஸ்டிக்கை வீணாக்கும் வேலை இது. செய்ய வேண்டாம். ஆர்டிம்மை யுடிம் ஸ்லாட்டுக்கு மாற்றித் தரும் அடாப்டர் என்று எதையாவது காட்டினாலும் நம்பாதீர்கள்.

ஈ என்று முடியும் இசிசி யுடிம்மின் கதை வேறு. தேடி வாங்க வேண்டிய சரக்கு அதுதான், தேடுபவர்களோ குறைவு. இது பெரிய ரேக் சர்வர்களிலிருந்து அதிகம் வருவதில்லை. டெல் டி110 II, டி20, டி30, எச்பி மைக்ரோசர்வர் ஜென்8, லெனோவோ டிஎஸ்140 போன்ற சின்ன சர்வர்களிலிருந்து வருகிறது. இவற்றிலெல்லாம் இன்டெல்லின் சர்வர் பிராசசரான ஜியான் இ3 அல்லது அதற்கு இணையான சின்ன பிராசசர். அந்த பிராசசர்களுக்கே ரெஜிஸ்டர்டு ரேம் ஆகாது. இ3 என்றாலும் பெயரில் ஜியான் இருக்கிறதே என்று ஆர்டிம் வாங்குபவர்கள் நிறைய. ஜியான் என்ற பெயரே போதாது. இ5 வரிசைதான் ஆர்டிம்முக்கு.

இன்டெல் டெஸ்க்டாப்பில், உதாரணமாக எச்61, பி75, எச்81 போர்டில் கோர் ஐ5 இருந்தால், இசிசி யுடிம் பெரும்பாலும் சாதாரண ரேமாக ஓடும். கூடுதல் 8 பிட்டை யாரும் படிக்க மாட்டார்கள், பிழை திருத்தம் நடக்காது, மற்றபடி குறை இல்லை. சில பிராண்டட் அலுவலகக் கணினிகள் பயாஸிலேயே மறித்துவிடும். ஆகவே நான்காக வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். பிழை திருத்தமும் வேண்டுமென்றால் இன்டெல்லில் சர்வர் சிப்செட் கட்டாயம்: சி204, சி216, சி226, சி236 போன்றவை. அந்தப் போர்டுகளில் ஜியான் இ3 மட்டுமல்ல, அந்தத் தலைமுறைகளின் பல கோர் ஐ3களும் பென்டியங்களும் கூடப் பிழை திருத்தும். ஐ5, ஐ7 திருத்தாது. விலை குறைந்த பிராசசருக்கு இந்தச் சலுகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஸ்கைலேக் எனப்படும் ஆறாம் கோர் தலைமுறையில் டிடிஆர்3எல் ஸ்லாட் வைத்து வந்த சில போர்டுகளுக்கு 1.35 வோல்ட் ரேம்தான் போட வேண்டும். பிசி3எல்-12800ஈ அங்கே அருமையாகப் பொருந்தும், 1.5 வோல்ட் மட்டும் தாங்கும் பழைய பிசி3 ரேமைத் திணித்தால் பிராசசருக்கே ஆபத்து.

ஏஎம்டி பக்கம் வாழ்க்கை சுலபம். ஏஎம்4 சாக்கெட்டுக்கான ரைசன் பிராசசர்களில் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் இல்லாத வகைகள் இசிசி யுடிம்மை ஏற்கும். அஸ்ராக், அசுஸ் போர்டுகள் பலவற்றில் திருத்தமும் உண்மையாகவே நடக்கும். ஜி என்று முடியும் 3400ஜி, 5600ஜி போன்றவற்றில் ப்ரோ வகைக்கு மட்டுமே திருத்தம். ஆனால் ஆர்டிம் ஏஎம்4இல் எங்கேயும் ஓடாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: சர்வரிலிருந்து வரும் டிடிஆர்4 இசிசி யுடிம் 2133, 2400, 2666 என்றே அதிகம் கிடைக்கும், எக்ஸ்எம்பி என்ற கூடுதல் வேக அமைப்பு இருக்காது. ரைசனுக்கு ரேம் வேகம் ரொம்ப முக்கியம். உள்ளிணைந்த கிராஃபிக்ஸை நம்பி விளையாடுபவருக்கு 2400 ஏமாற்றம்தான். கோப்புகள் சேமிக்கும் வீட்டு நாஸ், விர்ச்சுவல் மெஷின், டேட்டாபேஸ் என்று ஓட்டுபவருக்கு அந்த வேகக் குறைவு பெரிதாகத் தெரியாது; பிழை திருத்தம் இருப்பது தெரியும்.

கொள்ளளவிலும் ஒரு வரம்பு இருக்கிறது. முதல் தலைமுறை கோர் ஐ, அதாவது எல்ஜிஏ1156 சாக்கெட் போர்டுகளில் ஒரு ஸ்டிக்குக்கு 4ஜிபிதான் உச்சம். 8ஜிபி இசிசி யுடிம்மில் இருக்கும் 4 ஜிகாபிட் சிப்களை அந்தக் கன்ட்ரோலருக்கு முகவரியிடத் தெரியாது. எல்ஜிஏ1155, 1150இல் ஸ்டிக்குக்கு 8ஜிபி, நான்கு ஸ்லாட்டில் 32ஜிபி.

சர்வர் ரேம் இன்னொரு வேடத்திலும் உங்கள் கைக்கு வந்திருக்கலாம். ‘ஏஎம்டி ஒன்லி’ என்று சீட்டு ஒட்டிய டிடிஆர்3 ஸ்டிக்குகளைப் பார்த்திருப்பீர்கள், 4ஜிபியும் 8ஜிபியும். பழைய ஆர்டிம்களிலிருந்து எக்ஸ்4 சிப்களைச் சூடாக்கிப் பிரித்து, புதிய ஈய உருண்டைகள் வைத்து, சாதாரண யுடிம் போர்டில் ஒட்டிச் செய்தவை அவற்றில் நிறைய உண்டு. ரெஜிஸ்டர் இல்லை, அதனால் அந்தத் தடை நீங்கிவிட்டது. ஆனால் சிப் இன்னும் எக்ஸ்4. ஒரு 4 ஜிகாபிட் எக்ஸ்8 சிப்பில் நெடுவரிசையைக் குறிக்க 10 பிட் போதும். அதே அளவு எக்ஸ்4 சிப்புக்கு 11 பிட் வேண்டும். இன்டெல்லின் டெஸ்க்டாப் கன்ட்ரோலர்கள் எக்ஸ்8, எக்ஸ்16 சிப்களோடு மட்டும் பேசக் கட்டப்பட்டவை. ஏஎம்டியின் ஏஎம்3, ஏஎம்3+, எஃப்எம்2 கன்ட்ரோலர்கள் எக்ஸ்4ஐயும் புரிந்துகொள்ளும். ஏஎம்டிக்கு மட்டும் என்று எழுதியிருப்பதன் முழுக் காரணமும் இதுதான். எஃப்எக்ஸ் பிராசசர் வைத்திருப்பவருக்கு இது மோசமான பேரம் அல்ல. ஆனால் சிப் இரண்டு முறை சூடேறியிருக்கிறது, மறுஒட்டு யார் கையால் நடந்தது என்று தெரியாது. விற்பவர் மாற்றித் தருவதாகச் சொன்னால் மட்டும் வாங்கி, அன்றிரவே சோதித்துவிடுங்கள்.

சரி, ஆர் என்று முடியும் ஸ்டிக்குகள்தான் கையில் இருக்கின்றன, அல்லது சல்லிசாக வருகின்றன. என்ன செய்வது? ரேமை மாற்ற முடியாது. அதற்கேற்ற கணினியைத் தேட வேண்டியதுதான். இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, லீஸ் முடிந்து வரும் ஒர்க்ஸ்டேஷன்கள். எச்பி இசட்440, இசட்640, டெல் பிரிசிஷன் டி5810, லெனோவோ பி510 எல்லாம் எல்ஜிஏ2011-3 ஜியான் இ5 கொண்டவை, டிடிஆர்4 ஆர்டிம் ஏற்பவை. இசட்440இல் எட்டு ஸ்லாட், 128ஜிபி வரை. டிடிஆர்3 ஆர்டிம்முக்கு அதற்கு முந்தைய தலைமுறை. அதில் ஒரு பள்ளம் இருக்கிறது: எச்பி இசட்420 ஆர்டிம் ஏற்காது, இசிசி யுடிம் மட்டும், அதன் அண்ணன் இசட்620 இரண்டையும் ஏற்கும், ஆனால் கலந்து போடக் கூடாது. வெளியே பார்க்க இரண்டும் ஒரே குடும்பம். இசட்420ஐ வாங்கிவிட்டு எட்டு ஆர்டிம்மோடு விழிப்பது எளிது. நமது அபிப்பிராயத்தில் சர்வர் ரேமுக்கு இதுவே சரியான வழி. பவர் சப்ளை, கூலர், பயாஸ் எல்லாம் அந்தப் பிராசசருக்கென்றே அமைந்தவை. பவர் சப்ளையும் சில இணைப்புகளும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியவை என்பதால் பழுதானால் அதே மாதிரியில் இன்னொன்று தேட வேண்டும் என்பதுதான் குறை.

இரண்டாம் வழி, எக்ஸ்79, எக்ஸ்99 என்ற பெயரில் வரும் சீனப் போர்டுகள்: ஹுவானான்சி, மெஷினிஸ்ட் போன்றவை. பெயர் எக்ஸ்99 என்றாலும் பலவற்றில் உள்ளே இருப்பது பழைய டெஸ்க்டாப் போர்டுகளின் பி85, க்யூ87 போன்ற சிப்செட். மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள் இருப்பதால் அதனால் ரேமுக்குச் சிக்கல் இல்லை. யுஎஸ்பி, சாட்டா எண்ணிக்கைதான் குறையும். இங்கே ஜியான் இ5 போட்டால்தான் ஆர்டிம் ஓடும். அதே சாக்கெட்டில் கோர் ஐ7 வைத்தால் அதை எதிர்பார்க்காதீர்கள். பிராசசரைத் தேர்ந்தெடுக்கும்போது வாட்டைப் பாருங்கள். இ5-2680 வி4, 14 கோர், 120 வாட். இ5-2640 வி3, 8 கோர், 90 வாட். இ5-2650 வி2, டிடிஆர்3க்கு, 8 கோர், 95 வாட். மலிவான போர்டில் பிராசசருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதி மெலிந்தது, சிலவற்றில் சூடு தணிக்கும் உலோகத் துண்டு கூட ஒப்புக்குத்தான். அங்கே 120 வாட்டைவிட 90 வாட் பிராசசர்தான் நெடுநாள் ஓடும். ஸ்லீப் போட்டால் எழாமல் நிற்பது இந்தப் போர்டுகளில் அடிக்கடி கேட்கும் குறை. விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் இந்தப் பிராசசர்கள் இல்லை, விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. லினக்ஸ் ஓட்டுபவருக்கே இந்த வழி சுகம்.

இந்தச் சிரமத்துக்கெல்லாம் கிடைக்கும் கூலி நான்கு சேனல். டிடிஆர்3-1600 இரண்டு சேனலில் நொடிக்கு 25.6 ஜிகாபைட். டிடிஆர்4-2400 நான்கு சேனலில் 76.8. நான்கு சேனலும் வேண்டுமென்றால் நான்கு ஸ்டிக், சேனலுக்கு ஒன்றாக. 32ஜிபி ஒன்றைப் போடுவதைவிட 8ஜிபி நான்கு போடுவது மேல். நான்கு ரேங்க் ஸ்டிக்குகளை, அதாவது 4ஆர்எக்ஸ்4 என்று எழுதியவற்றை, சீனப் போர்டுகளுக்கு வாங்க வேண்டாம். ரேங்க் கூடக் கூட கன்ட்ரோலருக்குச் சுமை, வேகத்தைக் குறைக்கும் அல்லது எழாமலே நிற்கும். 1ஆர், 2ஆர் போதும்.

மின்கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். சாதாரண டெஸ்க்டாப்பைவிட 40 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்குப் பத்து மணி நேரத்தில் 0.4 யூனிட், மாதத்துக்கு 12 யூனிட். வெறும் டைப்பிங், உலாவி, யூடியூப் என்றால் இருக்கிற டெஸ்க்டாப்பில் 16ஜிபி சாதாரண ரேம் போதுமானது. பிளெண்டர், பெரிய வீடியோ எடிட்டிங், நாலைந்து விர்ச்சுவல் மெஷின் ஓட்டுபவருக்குத்தான் 64ஜிபியும் 128ஜிபியும் அர்த்தமுள்ளவை.

டிடிஆர்2 காலத்து எஃப்பி-டிம் என்ற சர்வர் ரேம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்போதைய ஜியான் சர்வர்களிலும் 2006 முதல் 2008 வரையிலான மேக் ப்ரோவிலும் இருந்தது. நடுவில் இருக்கும் பஃபர் சிப் கை சுடும். டெஸ்க்டாப்பில் வெட்டு பொருந்தாது. அதை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடலாம். டிடிஆர்5இல் குழப்பத்துக்கே இடமில்லை: ஆர்டிம்முக்கும் யுடிம்முக்கும் வெட்டு வேறு இடத்தில், ஒன்றுக்கு 12 வோல்ட், மற்றதற்கு 5 வோல்ட். உள்ளேயே போகாது. அழுத்தித் திணிக்க வேண்டாம்.

இனி பொருத்தும் வேலை. பவர் கேபிளைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடியும். கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள். பழைய ஸ்டிக்கின் தங்கப் பற்களில் விரல் கொழுப்பும் தூசியும் ஏறியிருக்கும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத துணியில் நனைத்து, பற்களின் நீளவாக்கில், போர்டிலிருந்து வெளிநோக்கி இழுத்துத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் பல் பெயரும். பள்ளிக்கூட ரப்பரால் தேய்க்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது; தங்கப் பூச்சு மெல்லியது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். வேறு எதற்கும் மசியாத கறைக்கு மட்டும், மென்மையான வெள்ளை ரப்பரால், மெதுவாக ஒரு தடவை. ஸ்லாட்டுக்குள் ரப்பர் துகள் விழுந்தால் அதுவே புதுக் கோளாறாகிவிடும். ஸ்லாட்டை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள்.

முதலில் ஒரே ஒரு ஸ்டிக். நான்கு ஸ்லாட் டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட். ஒர்க்ஸ்டேஷன்களில் பக்கக் கதவின் உட்புறத்தில் வரிசை அச்சிட்டிருப்பது வழக்கம். ஜியான் போர்டில் முதல் முறை எழும்போது ரேமைப் பழக்க நேரம் எடுக்கும். திரை ஒரு நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம் கறுப்பாகவே இருக்கும். பொறுமையிழந்து அணைத்துவிட்டால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்கும் மேல் எழாவிட்டால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி பயாஸை அழித்துப் பாருங்கள்.

ஒன்று எழுந்தபின் ஒவ்வொன்றாகச் சேருங்கள். நான்கு போட்டு மூன்றுதான் தெரிகிறது என்றால் உடனே ரேமைக் குறை சொல்லாதீர்கள். தெரியாத ஸ்டிக்கை வேலை செய்யும் ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். ஸ்டிக்கோடு கோளாறும் நகர்ந்தால் ரேம் கெட்டது. கோளாறு ஸ்லாட்டிலேயே தங்கினால், எல்ஜிஏ2011 சாக்கெட்டில் மிகச் சாதாரணமான காரணங்கள் இரண்டு: சாக்கெட்டில் வளைந்த பின், அல்லது கூலரின் திருகுகளை ஒரு பக்கம் மட்டும் அதிகமாக முறுக்கியிருப்பது. அத்தனை பின்களில் ஒரு மூலை சரியாக அமராவிட்டால் முதலில் காணாமல் போவது ஒரு மெமரி சேனல்தான். கூலரைத் தளர்த்தி, எக்ஸ் வடிவில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாலேயே பல போர்டுகளில் நான்காவது ஸ்டிக் திரும்பி வந்துவிடும். வராவிட்டால் பிராசசரைத் தூக்கி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பின்களைப் பாருங்கள். வளைந்தது ஒன்று மட்டும் வேறு விதமாக மினுங்கும்.

அடுத்து சோதனை. மெம்டெஸ்ட்86+ இலவசம், பென்டிரைவில் எழுதி அதிலிருந்து எழுப்பலாம். நான்கு சுற்று ஓட விடுங்கள். 64ஜிபிக்கு ஓர் இரவு ஒதுக்குங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ஸ்டிக் திரும்பப் போக வேண்டியதுதான். பிழை எப்போதும் ஒரே முகவரியில் வந்தால் சிப் கெட்டது. இடம் மாறி மாறி வந்தால் ஸ்லாட், வேகம், பவர் சப்ளை ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

பிழை திருத்தும் ரேமில் ஒரு கண்ணி உண்டு, பலர் தவறவிடுவது. ஒரு பிட் கெட்டுப்போன ஸ்டிக்கை இசிசி அமைதியாகத் திருத்திக்கொண்டே இருக்கும். சோதனை நிரலுக்குத் திருத்திய பிறகான தரவுதான் போகிறது, அது ‘பிழை இல்லை’ என்று சொல்லிவிடும். ஆகவே பயாஸில் இசிசியை அணைக்க வசதி இருந்தால் அணைத்துவிட்டுச் சோதியுங்கள். இல்லையென்றால் திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் திருத்தம் உண்மையிலேயே நடக்கிறதா என்பது தெரிய வேண்டும். லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளையை மெமரிக்கான 17ஆம் வகையோடு ஓட்டினால் மொத்த அகலம் 72 பிட், தரவு அகலம் 64 பிட் என்று காட்டும். இரண்டும் 64 என்றால் திருத்தம் இல்லை. விண்டோஸில் பவர்ஷெல் வழியாக மெமரி எரர் கரெக்‌ஷன் என்ற மதிப்பைக் கேட்டால் 3 வந்தால் இல்லை, 5 வந்தால் ஒற்றை பிட், 6 வந்தால் பல பிட். இவை பயாஸ் சொல்வதை அப்படியே ஒப்பிப்பவை, சில போர்டுகளில் பொய்யும் வரும். ரேம் பிழைகளைக் கவனிக்கும் லினக்ஸின் இடாக் டிரைவர் ஏற்றமாகி, மெமரி கன்ட்ரோலரைப் பதிவு செய்ததாக கெர்னல் பதிவேட்டில் வந்தால்தான் நம்பலாம். அதோடு ராஸ்டீமன் என்ற சேவையை நிறுவிவிட்டால் ஒவ்வொரு திருத்தத்தையும் எந்த ஸ்லாட் என்பதோடு குறித்து வைக்கும்.

2009இல் டொரொண்டோ பல்கலைக்கழகமும் கூகிளும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கூகிளின் சர்வர்களில் ஓராண்டில் நூற்றில் எட்டுக்கும் மேற்பட்ட ஸ்டிக்குகள் ஒரு முறையாவது திருத்தக்கூடிய பிழை காட்டியிருந்தன. அதனால் எண்ணிக்கையில் ஒன்று வந்துவிட்டால் பதற வேண்டாம். பொருத்தி ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். ஒன்றோ இரண்டோ வந்து அதோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். ஒரே ஸ்லாட்டில் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால், அந்த ஸ்டிக்கைப் பக்கத்து சேனல் ஸ்டிக்கோடு இடம் மாற்றி இன்னொரு வாரம் விடுங்கள். எண்ணிக்கை ஸ்டிக்கோடு கூடவே நகர்ந்தால் அதைக் கழற்றி, சீட்டின் மேல் மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டு, மற்றவற்றோடு கலக்காமல் தனியே வையுங்கள்.